ஒன்றரை டிகிரி

கள்ளிமுனை
12.4.1998, ஈஸ்டர் ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். ஈஸ்டருக்கு வரவில்லை என்று அம்மா உன்னிடம் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசியிருக்காது. இங்கேயும் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு கோயில் இருக்கிறது, ஆராதனைக்குப் போனேன் என்று சொல். கோழிக்குழம்பு கிடைக்கவில்லை என்பதைச் சொல்லாதே.

இந்த வார அளவுத்தாள் இத்துடன் இருக்கிறது. சங்குத்தீவுப் பவளப்பாறைக்கு மேலே, ஓராள் ஆழத்தில், தினம் மூன்று வேளை எடுத்த தண்ணீர்ச் சூடு. வியாழன் பகல் கணக்கைப் பார்த்ததும் உன் புருவம் ஏறும். 32.2. எனக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்று முறை பார்த்துத்தான் எழுதினேன்.

பத்து நாளாகக் காற்றே இல்லை. கடல் தட்டில் ஆறவைத்த கஞ்சி போல அசையாமல் கிடக்கிறது. எனக்குப் படகோட்ட வந்திருக்கிற நம்ம கோவளத்துத் தனகோடி அண்ணன் படகிலிருந்து கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சரு, கடலுக்கு ஜொரமா? சுட்டுக்கினு கீது" என்றார். தெர்மாமீட்டரே வேண்டாம் போலிருக்கிறது, அவர் கையையே எழுதி அனுப்பலாம்.

பெட்டியில் ஃபார்மலின் கேன் ஒன்றுதான் மிச்சம். மாதிரிகளை ஊறப்போட இன்னும் ஒன்று வேண்டும். நம்ம கடல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு அனுப்பு.

உன் தங்கை,
ஜெனிஃபர்


படூர்
18.4.1998

பிரியமுள்ள தங்கச்சி ஜெனிஃபருக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். உன் தாள் வந்தது. ஃபார்மலின் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

சொன்னால் கோபப்படுவாய். ஆனாலும் அண்ணன் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? தெர்மாமீட்டரைத் தண்ணீரை விட்டு வெளியே எடுத்துப் படிக்கிறாயா? வெயிலில் பிடித்துப் பார்க்கிறாயா? கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். நிலையத்தில் இருக்கிற பழைய அட்டவணைகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன். அந்தப் பக்கத்துக் கடல் ஏப்ரலில் 31-ஐத் தாண்டினதாக ஒரு வரிகூட இல்லை. நீ போய் இறங்கின வருஷம் பார்த்துத் தாண்டுமா?

நீ எழுதுவதை நான் கம்ப்யூட்டரில் அடிக்கிறேன், ராகவன் சார் கையெழுத்துப் போடுகிறார், அது எங்கெங்கோ போகிறது. மற்றவர்கள் எழுதினால் ஒரு முறை பார்ப்பார்கள். நம்ம தெருவிலிருந்து போனவர்கள் எழுதினால் நான்கு முறை பார்ப்பார்கள். நம்ம அப்பா ஏசுதாஸ் நாற்றங்காலில் நின்ற காலோடு போய்ச் சேர்ந்தார். நீ எம்.எஸ்.சி. முடித்துக் கடலில் இறங்கியிருக்கிறாய். ஒரு எண்ணால் பேர் கெட்டுவிடக் கூடாது.

இன்னொன்று. ஜூலையில் என் வேலையை நிரந்தரமாக்குவதாக ராகவன் சார் வாய் திறந்து சொல்லிவிட்டார். ஒன்பது வருஷம் ஆயிற்று. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அது ஊரைக் கூட்டிவிடும்.

அன்புள்ள அண்ணன்,
பெஞ்சமின்


கள்ளிமுனை
5.5.1998

அண்ணனுக்கு,

தெர்மாமீட்டரைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துத்தான் படிக்கிறேன். வெயிலில் பிடிக்கவில்லை. கண்ணுக்கு நேராகத்தான் பிடிக்கிறேன். அதை ஐஸில் வைத்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று சோதித்து என் கையில் கொடுத்தவனே நீதான். என்னை நம்பாவிட்டால் போ, உன்னையாவது நம்பு.

இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை. பாறை முழுக்க வெளுத்துவிட்டது.

போன மாதக் கடைசியில் அங்கங்கே திட்டாகத்தான் இருந்தது. இன்று முகமூடி போட்டுத் தலையை உள்ளே விட்டேன். மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்ட பவளம் அத்தனையும் வெள்ளை. மஞ்சளும் பழுப்பும் பச்சையுமாக இருந்த இடம். சுற்றிலும் மீன்கள் ஒன்றும் நடக்காதது போல நீந்திக்கொண்டிருக்கின்றன. படகில் ஏறி உட்கார்ந்து அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன், ஏனென்றால் அடிக்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பவளம் கல் இல்லை, செடியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னப் பிராணிகள் கூடிக் கட்டின வீடு. அந்தப் பிராணியின் உடம்புக்குள் ஒரு பாசி குடியிருக்கிறது. வெயிலில் சமைத்து வீட்டுக்காரருக்குச் சோறு போடுவது அந்தக் குடித்தனக்காரன்தான். நிறமும் அவன் கொடுத்ததுதான். தண்ணீர் வழக்கமான கோடையை விட ஒரு டிகிரி கூடி, அப்படியே சில வாரம் நின்றால் போதும், பாசியே உடம்புக்குள் நஞ்சைக் கக்க ஆரம்பிக்கிறது. பவளம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. மிச்சம் கண்ணாடி போன்ற தோலும் உள்ளேயிருக்கும் வெள்ளை எலும்பும். இன்னும் சாகவில்லை. பட்டினி கிடக்கிறது. சீக்கிரம் தண்ணீர் ஆறினால் பாசி திரும்பி வரும், பிழைத்துக்கொள்ளும். ஆறாவிட்டால் போயிற்று. அதன் பிறகு மீனுக்கு வீடு இல்லை, கரைக்கு அலைத்தடுப்பும் இல்லை.

மற்றக் கடல்களில் நடந்ததாகப் பாடத்தில் அரைப் பக்கம் படித்திருக்கிறேன். லட்சத்தீவிலும் வெளுக்கிறது என்று நேற்று ஒருவர் சொன்னார். உலகமே சூடேறிக்கொண்டு வருகிறது, அதற்கு மேல் இந்த வருஷம் பசிபிக் கடலும் சேர்ந்து கொதிக்கிறதாம்.

இன்று பகல் 32.6. எழுதினதை எழுதினபடி அடி.

ஜெனிஃபர்


கள்ளிமுனை
23.5.1998

அண்ணனுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. இதற்கு உடனே போட வேண்டும்.

தனகோடி அண்ணனை வனத்துறை அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தீவுப் பாறையில் விஷம் ஊற்றிப் பவளத்தைக் கொன்றார் என்று வழக்கு. கலர் மீன் பிடிக்க ஊற்றினாராம். வடக்கேயிருந்து வந்த ஆள், தினம் அந்தப் பாறை மேலேயே படகை நிறுத்துகிறார் என்று கரையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். படகைச் சோதித்தால் ஃபார்மலின் கேன் இருக்கிறது. போதாதா? அது நிலையத்துக் கேன், நான் கையெழுத்துப் போட்டு வாங்கினது என்று கத்தினேன். "அதையெல்லாம் விசாரணையில சொல்லும்மா" என்றார்கள். படகையும் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அவர், "டீச்சரு, சந்திரம்மாவுக்கு மட்டும் சொல்லாத, அது பேஜாராயிடும்" என்றார். மனைவிக்குச் சொல்லாமல் எப்படி இருப்பது? நீ போய்ச் சொல். பக்குவமாகச் சொல்.

ஜூன் 26 விசாரணை. அவரைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருக்கிறது. விஷம் இல்லை, சூடுதான் காரணம் என்று காட்ட வேண்டும். நான் ஏப்ரல் முதல் அனுப்பின அளவுகள் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அந்த அட்டவணையை அச்சடித்து, ராகவன் சார் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அனுப்பு. நகல் எதுவும் என்னிடம் இல்லை. நீ இருக்கிறாய் என்று வைத்துக்கொள்ளவில்லை.

ஜெனிஃபர்


படூர்
29.5.1998

பிரியமுள்ள ஜெனிஃபருக்கு,

செய்தி கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோவளத்துக்குப் போய்ச் சந்திரம்மாவிடம் சொன்னேன். அழவில்லை. வலையை ஓரமாகச் சுருட்டி வைத்துவிட்டு, "அவுரு மீனுக்கே பாவம் பாப்பாரு அண்ணாத்த" என்றது. அவ்வளவுதான். மறுநாளிலிருந்து தினமும் காலையில் நிலையத்து வாசலில் வந்து நிற்கிறது.

அட்டவணை கேட்டிருந்தாய். அனுப்பாமல் இருக்க முடியாது, அனுப்பியிருக்கிறேன். ஆனால் வெறும் அட்டவணையை வைத்து ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல வக்கீலாகப் பார். செங்கல்பட்டில் நமக்குத் தெரிந்த அருணகிரி வக்கீல் இருக்கிறார், கேட்கட்டுமா? தனகோடி நல்லவர் என்று நம்ம பாதிரியாரிடம் ஒரு கடிதம் வாங்கலாம். அட்டவணை வேண்டாம், வேறு வழி பார்க்கலாம்.

கடல் காரியம் நமக்கு முழுக்கத் தெரியாது. விஷமாகவும் இருக்கலாம் அல்லவா? தனகோடி என்று சொல்லவில்லை, வேறு யாராவது.

அம்மா விசாரித்தது.

பெஞ்சமின்


கள்ளிமுனை
4.6.1998

பெஞ்சமின் அவர்களுக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை.

அட்டவணை வந்தது. ஏப்ரல் 9 பகல், 30.7. நான் எழுதினது 32.2. மே 5 பகல், 31.1. நான் எழுதினது 32.6. நினைவிருக்கும் எல்லா நாளையும் சரிபார்த்தேன். ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை. கண் தவறி அடித்தால் ஒன்று இப்படி இருக்கும், ஒன்று அப்படி இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே ஒன்றரையை யாரோ உட்கார்ந்து கழித்திருக்கிறார்கள். அந்த நாற்காலியில் உட்காருகிறவன் நீ ஒருவன்தான்.

இந்தத் தாளை விசாரணையில் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? கடல் சாதாரணமாகத்தான் இருந்தது, சூடே இல்லை, அதனால் விஷம்தான் என்று ஆகும். தனகோடி அண்ணனைப் பிடித்தது அவர்கள். கதவைப் பூட்டினது நீ.

எதற்குச் செய்தாய்? யாராவது சொல்லிச் செய்தாயா? ஃபோன் பண்ணாதே. ஃபோனில் நீ அம்மாவுக்கு முட்டிவலி என்று ஆரம்பிப்பாய், நானும் உருகிவிடுவேன். எழுது.

என் கையால் எழுதின தாள்கள் எங்கே?

ஜெ.


படூர்
10.6.1998

ஜெனிஃபருக்கு,

யாரும் சொல்லவில்லை. நானேதான் செய்தேன். ராகவன் சாருக்குத் தெரியாது.

என் தெர்மாமீட்டர்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் சோதித்ததில்தான் தப்பு, அது ஒன்றரை கூடக் காட்டுகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். அப்படி நினைத்துக்கொண்டால் எனக்குச் சுலபமாக இருந்தது. ஒன்றரை கழித்தால் உன் எண்கள் பழைய அட்டவணையோடு அழகாகப் போய் உட்கார்ந்தன. யாரும் உன்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

உன்னிடம் ஒன்று சொன்னதில்லை. செங்கல்பட்டில் பத்தாவது படிக்கும்போது தண்ணீர் கொதிக்கும் சூட்டை அளக்கச் சொன்னார்கள். எல்லாரும் புத்தகத்தைப் பார்த்து 100 என்று எழுதிவிட்டார்கள். நான் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதினேன். 100 இல்லை, குறைவு. வாத்தியார் என்னை எழுப்பி நிறுத்தி, "உங்க தெருவுல இன்னாத்த கொதிக்க வெக்கிறீங்க, கஞ்சியா? இதப் படிக்கக் கூட வரல உனக்கு" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் முன்னாலேயே அந்த எண்ணை அடித்துவிட்டு 100 என்று எழுதினேன். அன்றிலிருந்து புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுதுகிறேன், ஜெனி. எனக்கு நடந்தது உனக்கு நடக்கக் கூடாது என்று இருந்தது. மன்னிப்புக் கேட்கத் தகுதியில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

உன் தாள்கள் பத்திரமாக இருக்கின்றன. அடித்து முடித்ததைக் கிழித்துப் போடச் சொல்வார்கள். உன் கையெழுத்து, எனக்கு மனசு வரவில்லை. அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அவற்றை எடுத்து நீட்டினால் நான் அடித்தது பொய், சார் கையெழுத்துப் போட்டதும் பொய் என்று ஆகும். ஜூலையும் போகும், இருக்கிற வேலையும் போகும். சந்திரம்மா இன்றைக்கும் வாசலில் நின்றது. "எழுத்துல இன்னா கீதுன்னு நீயே சொல்லு அண்ணாத்த, எனக்குப் படிக்கத் தெரியாது" என்றது. நான் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன்.

என்ன செய்யட்டும், சொல்.

பெஞ்சமின்


கள்ளிமுனை
15.6.1998

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். அந்த வாத்தியாரையும் சேர்த்துத் திட்டினேன். பிறகு திட்ட முடியாமல் போயிற்று. ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று வழக்குத் தாள்களைப் படிக்கக் கொடுத்தார்கள். விஷம் என்கிற சந்தேகம் முதலில் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். நம்ம நிலையம் அனுப்பின ஏப்ரல் அறிக்கையில் இருக்கிறது. "ஏப்ரல் 22. வெள்ளைத் திட்டுகள். யாரோ விஷம் ஊற்றியிருக்கலாம்." என் வார்த்தை. முதல் திட்டைப் பார்த்த அன்று, சூடு என்று எனக்கே புரியாதபோது, தாளின் ஓரத்தில் கிறுக்கினது. எழுதினதையே மறந்துவிட்டேன். அதை அதிகாரிகள் மறக்கவில்லை. அதை வைத்துத்தான் படகுகளைச் சோதிக்கக் கிளம்பியிருக்கிறார்கள்.

பார்த்து, அளந்து, மூன்று முறை சரிபார்த்து எழுதினதை நீ மாற்றினாய். வாய்க்கு வந்தபடி எழுதின ஊகத்தை ஓர் எழுத்து மாறாமல் அடித்தாய். உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. அந்த வரியை எழுதினவள் நான். அந்த ஆள் என்னை நம்பி ஊரை விட்டு வந்தவர். அவரைப் பார்க்கப் போனால், "உள்ள நல்லாத்தான் சோறு போட்றாங்க டீச்சரு, நீ அயுவாத" என்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விசாரணையில் என் வரியை நான் சொல்லப் போகிறேன். என் வேலை போனாலும் சரி. உன்னைச் செய் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒன்பது வருஷத்தின் கனம் எனக்குத் தெரியும். தாள்களையாவது பதிவுத் தபாலில் அனுப்பு. மாற்றினது யார் என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.

காற்று இப்போதுதான் எழும்பியிருக்கிறது. இன்று பகல் 30.1. பாதிக்கு மேல் பவளத்தின்மேல் அழுக்குப் பாசி படர்ந்துவிட்டது. தாமதமாக வந்த காற்று.

ஜெனிஃபர்


படூர்
21.6.1998

ஜெனிஃபருக்கு,

தாள்களைத் தபாலில் அனுப்பவில்லை. நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். 24ஆம் தேதி எழும்பூரில் ரயில் ஏறுகிறேன். "தெரியாது" என்று நீ ஒரு பொய் சொல்லி, அதை நான் இன்னொரு முறை அடிக்க வேண்டுமா?

நேற்று ராகவன் சாரிடம் சொன்னேன். "ஏம்பா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அது அடித்தது போல இருந்தது, ஏனென்றால் கேட்டிருக்கலாம். ஒன்பது வருஷத்தில் அவர் என்னை ஒரு நாளும் கேலி செய்ததில்லை. திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்றார். தாள்களைச் சரி என்று ஏற்று அவரே ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்.

இன்று காலை சந்திரம்மாவிடம் எழுத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். நான் செய்ததையும் சொன்னேன். "போய்க் கூட்டிக்கினு வா" என்றது. அண்ணாத்த என்று சொல்லவில்லை.

தெர்மாமீட்டரை உடையாமல் வைத்திரு. படகுத்துறையில் ஐஸ் கிடைக்கும் அல்லவா? நல்ல தண்ணீரில் செய்த ஐஸாகப் பார்.

அம்மாவிடம் வேலை போனதைச் சொல்லிவிட்டேன். "சரி, நாஸ்தா துன்னுட்டுப் போ" என்றது.

பெஞ்சமின்


கள்ளிமுனை
12.7.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ ஊருக்குத் திரும்பி ரயில் ஏறின மறுவாரம் தனகோடி அண்ணனின் படகைத் திருப்பிக் கொடுத்தார்கள். என்ஜினில் கொஞ்சம் துரு. வழக்கு தள்ளுபடி ஆன தாளை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு முன்பலகையில் ஆணி அடித்துவைத்திருக்கிறார். ஊருக்கு வா என்று சந்திரம்மா சொல்லியனுப்பியும், "டீச்சர வுட்டுட்டு எங்க போறது" என்று நிற்கிறார். ஏப்ரல் 22 வரி என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். அன்று படகை எடுக்கவில்லை. மறுநாள் வழக்கம்போலப் படகைத் தள்ளினார்.

பாறையில் நாலில் மூன்று பங்கு செத்துவிட்டது. கட்டிப் பவளங்கள் சில பிழைத்திருக்கின்றன. ஓரங்களில் பழுப்பு திரும்புகிறது. கிளைப் பவளம் கை வைத்தால் முறிகிறது. மீன்காரர்கள் இப்போதே மீன் குறைகிறது என்கிறார்கள். இன்னொரு கோடை இப்படி வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. வரும் என்றுதான் தோன்றுகிறது.

என் பெயரில் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு நிலையம் விட்டுவிட்டது. உன்னைத்தான் விடவில்லை. அதை நினைத்தால் இந்த வேலையில் இருக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் போனால் இந்தப் பாறையை அளக்க ஆள் இல்லை.

விசாரணை அன்று நீ நின்ற விதத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். "இந்த மீட்டர் சரியா இருக்குன்னு என்ன நிச்சயம்? உனக்கு இதைப் படிக்கத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார். உன் முகம் செத்துவிட்டது. நான் எழுந்திருக்கப் போனேன். நீ ஐஸை நொறுக்கி டம்ளரில் போட்டு, தெர்மாமீட்டரை நட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு அவரிடம் நீட்டி, "நீங்களே படிங்க சார்" என்றாய். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, "பூஜ்யம்" என்றார். அந்த வார்த்தை வந்ததும் நீ குனிந்து துணியால் மேசையைத் துடைத்தாய். தண்ணீர் சிந்தவே இல்லை, அண்ணா.

ஒன்று கேட்க வேண்டும். பத்தாவது வகுப்பில் 100 என்று மாற்றுவதற்கு முன்னால் நீ எழுதின எண் என்ன? அதைச் சொல்லாமலே விட்டுவிட்டாய்.

உன் தங்கை,
ஜெனிஃபர்


(அஞ்சலட்டை)

படூர்
17.7.1998

தங்கச்சிக்கு,

98.5.

மூன்று முறை பார்த்துத்தான் எழுதினேன்.

அண்ணன்